அடுத்த ரயில் எத்தனை மணிக்கு?

(காரைக்காலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வட இத்தாலியின் ரயில் வரைபடத்தையும் காவிரிப் படுகையின் ரயில் வரைபடத்தையும் அருகருகே விரித்து வைத்துப் பாருங்கள். பாதுவாவிலிருந்து வெனிஸ் சுமார் 37 கிலோமீட்டர். சிதம்பரத்திலிருந்து மயிலாடுதுறையும் ஏறக்குறைய அதே தூரம்தான். விச்சென்சாவிலிருந்து பாதுவா 30 கிலோமீட்டர். மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் 31. அங்கே போ ஆற்றுச் சமவெளி, இங்கே காவிரிச் சமவெளி. இரண்டிலும் நெல் விளைகிறது. இரண்டிலும் ஒரே இருப்புப் பாதையில் அரை மணிக்கொரு பழைய நகரம் வருகிறது.

தனியாகப் பயணம் போகிறவர்களுக்கு இதைவிட வாய்ப்பான நிலம் கிடையாது. ஆனால் அந்தப் பயணி இத்தாலியில் ஒரே நாளில் இரண்டு மூன்று நகரங்களில் கூசாமல் இறங்குகிறார். நம் பக்கம் வந்தால் ஏறிய வண்டியை விட்டு இறங்கவே யோசிக்கிறார். ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

காரைக்காலில் நின்று இத்தாலியைப் பேசுவது அப்படியொன்றும் விசித்திரமில்லை. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்த ஊரில் பல குடும்பங்களுக்குப் பாரிஸில் அண்ணனோ மருமகளோ பேரனோ இருக்கிறார்கள். பாரிஸிலிருந்து மிலானுக்கு நேரடி ரயில் உண்டு. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 1871இல் திறந்த மோன் செனி சுரங்கப் பாதை வழியாக அது இத்தாலிக்குள் நுழைகிறது. 2023 ஆகஸ்டில் பிரான்ஸ் பக்கத்து மலைச்சரிவு இடிந்து பாதையை மூடியதால் ஒன்றரை ஆண்டுக்கு மேல் அந்த ரயில் ஓடவில்லை. 2025 மார்ச் இறுதியில் மறுபடி ஓடத் தொடங்கியது. அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து இந்தியாவுக்கு வந்த தபால் மூட்டைகளும் இதே சுரங்கத்தைக் கடந்து, இத்தாலியின் தென்கோடியில் உள்ள பிரிண்டிசி துறைமுகம் வரை ரயிலில் வந்து கப்பல் ஏறின.

அந்த ரயிலில் ஒருவர் தன்னந்தனியாக ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒரு பை. மொழி தெரியாது. டூரினில் இறங்கி உள்ளூர் வண்டி மாறி மிலானை நோக்கிப் போகிறார். சற்று நேரத்தில் வெர்ச்செல்லி வருகிறது. வசந்த காலமானால் ஜன்னலுக்கு இருபுறமும் தண்ணீர் கட்டிய வயல்கள். மேகம் அதில் தலைகீழாகத் தெரியும். திருவாரூர்க்காரர் ஒருவரைக் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் அங்கே இறக்கிவிட்டால், கட்டை அவிழ்த்ததும் வரப்பில் கால் வைத்து நடக்கத் தொடங்கிவிடுவார். அந்த வயல்களுக்குத் தண்ணீர் தரும் கவூர் கால்வாயை 1863 முதல் 1866 வரை மூன்றே ஆண்டில் வெட்டி முடித்தார்கள். எண்பது கிலோமீட்டருக்கு மேல் நீளம்.

பச்சையைப் பார்த்து மயங்குகிற பயணி அந்தப் பச்சைக்குப் பின்னால் இருக்கும் கூலிக் கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். வெர்ச்செல்லி வயல்களில் நாற்று நட்டு, களை பறித்தவர்கள் பெண்கள். ‘மொந்தினே’ என்று அவர்களுக்குப் பெயர். பருவம் வந்தால் பல மாவட்டங்களிலிருந்து ரயில் ரயிலாக வந்து இறங்கி, முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்றார்கள். 1906இல் போராடி எட்டு மணி நேர வேலையைப் பெற்றார்கள். 1949இல் வெளிவந்த ‘ரீசோ அமாரோ’ என்ற திரைப்படம் அவர்களைப் பற்றியதுதான். டூரின் ரயில் நிலையத்தில் அந்தப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வண்டி ஏறுவதில்தான் படமே தொடங்குகிறது.

நம் பக்கத்தில் திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் வண்டி கீழ்வேளூரில் நிற்கும். அதற்கு அருகில்தான் கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், 1968 டிசம்பர் 25 அன்று அங்கே எரித்துக் கொல்லப்பட்டார்கள். ஊரில் நினைவிடம் இருக்கிறது. டெல்டாவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர் கோயில் பட்டியலோடு இந்த ஊரையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பயணியை மிலானில் விட்டுவிட்டோம். மிலான் மத்திய நிலையம் 1931இல் திறந்தது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அங்கிருந்து வெனிஸ் வரை போகும் பாதைதான் நம் கதைக்கு நாயகன். வெனிஸ் பக்கத்திலிருந்து 1842இல் முதல் துண்டு ஓடியது. காயலைக் கடந்து வெனிஸ் தீவை எட்டும் மூன்றரை கிலோமீட்டர் பாலம் 1846இல் திறந்தது. மிலான் வரை முழுப் பாதையும் 1857இல் முடிந்தது. இத்தனையும் ஆஸ்திரிய ஆட்சியில் கட்டியது. பாதை முடிந்து இரண்டே ஆண்டில் போர் வந்து மிலான் பக்கம் ஒரு நாட்டுக்கும் வெனிஸ் பக்கம் இன்னொரு நாட்டுக்கும் போனது. 1866 வரை, ஒரே தண்டவாளத்தில் போகிறவர் நடுவழியில் எல்லை கடக்க வேண்டியிருந்தது.

இதைக் கேட்டுக் காரைக்கால்காரர்கள் வியக்கப் போவதில்லை. பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898இல் போட்ட சுமார் 23 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதை, பிரிட்டிஷ் மண்ணில் புறப்பட்டு பிரெஞ்சு மண்ணில் முடிந்தது. 1954 நவம்பர் முதல் தேதி வரை அது எல்லை கடக்கும் பாதையாகவே இருந்தது.

மிலானை விட்டு பிரெஷா தாண்டினால் கார்டா ஏரி. ஏரிக்குத் தெற்கே கஸ்திலியோனே என்ற சிற்றூர். 1680இல் அங்கே பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி முப்பது வயதில் இந்தியா வந்தார். வீரமாமுனிவர் என்று சொன்னால்தான் நமக்கு அடையாளம் தெரியும். தஞ்சைக்கு வடக்கே கொள்ளிடத்தின் அக்கரையில் உள்ள ஏலாக்குறிச்சியில் இருந்துகொண்டு தேம்பாவணி பாடி, சதுரகராதி தொகுத்தார். அதே கஸ்திலியோனேயில் ஒரு செஞ்சிலுவை அருங்காட்சியகம் இருக்கிறது. 1859இல் பக்கத்து சொல்ஃபெரீனோவில் நடந்த போரில் காயம்பட்டவர்களை அந்த ஊர்த் தேவாலயங்களில்தான் கிடத்தினார்கள். அந்தக் காட்சியைக் கண்ட ஹென்றி துனான் எடுத்த முயற்சியே செஞ்சிலுவை இயக்கமாயிற்று. தமிழ்ப் பயணி ஒருவர் அரை நாள் ஒதுக்க இரண்டு காரணங்கள் அந்தச் சிற்றூரில் உண்டு.

அடுத்தது வெரோனா. நிலையத்திலிருந்து இருபது நிமிட நடையில் முதல் நூற்றாண்டு ரோமானிய வட்டரங்கம். கல் படிகளில் மக்கள் உட்கார்ந்து 1913 முதல் கோடைதோறும் இசை நாடகம் கேட்கிறார்கள். விச்சென்சாவில் பல்லாதியோ வடிவமைத்து 1585இல் திறந்த ஒலிம்பிகோ நாடக அரங்கு. மேடையில் மரத்தால் அமைத்த தெருக்கள் கண்ணை ஏமாற்றி வெகு தூரம் ஓடுவதுபோல் தெரியும்.

பாதுவா என்றால் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குச் சட்டென்று புரியாமல் போகலாம். பதுவை என்றால் வீட்டுப் பாட்டிக்கும் தெரியும். கோடி அற்புதர் அந்தோணியாரின் கல்லறை உள்ள பேராலயம் அங்கேதான். 1222இல் தோன்றிய பல்கலைக்கழகமும் 1545இல் அமைத்த மூலிகைத் தோட்டமும் அந்த ஊரில் இன்றும் இயங்குகின்றன. நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஸ்க்ரொவெஞ்ஞி சிற்றாலயம். 1305 வாக்கில் ஜோத்தோ தீட்டிய சுவரோவியங்கள். முன்பதிவு செய்தவர்களைச் சிறு குழுவாகப் பிரித்து, உடம்பின் ஈரமும் தூசும் அடங்க ஓர் அறையில் கால் மணி நேரம் உட்கார வைத்து, பிறகு உள்ளே கால் மணி நேரம் மட்டும் விடுகிறார்கள். ஓவியத்தைக் காக்க இத்தனை கட்டுப்பாடு. தஞ்சைப் பெரிய கோயில் உட்சுற்றில் உள்ள சோழர் ஓவியங்களைப் பற்றி நினைக்கும்போது இந்த ஏற்பாடு நினைவில் இருக்கட்டும்.

வெனிஸைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும் போதும்: நிலையத்துக்கு வெளியே படியிறங்கினால் சாலை இல்லை, தண்ணீர். பகல்நேரக் கூட்டம் தாங்காமல் 2024 ஏப்ரலில் அந்த நகரம் ஒருநாள் வருகையாளர்களிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. சனிப் பெயர்ச்சி நாளில் திருநள்ளாற்றைப் பார்த்தவர்களுக்கு அந்த நகராட்சியின் சங்கடம் எளிதில் புரியும்.

ஆகப் பார்க்க வேண்டியவை அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. அந்தப் பயணியை அங்கே துணிந்து இறங்க வைத்தது எது?

ஒரு மணி நேர இடைவெளியில், பல நேரங்களில் அதற்கும் குறைவாகவே, அடுத்த வண்டி வரும் என்ற உறுதி. இந்த உள்ளூர் ரயில்கள் பெரும்பாலும் மணிதோறும் அதே நிமிடத்தில் புறப்படும்படி அட்டவணை போட்டிருக்கிறார்கள். முன்பதிவு கிடையாது, கட்டணம் காலையில் வாங்கினாலும் கடைசி நிமிடத்தில் வாங்கினாலும் ஒன்றே. காகிதச் சீட்டை மட்டும் ஏறுவதற்கு முன் நிலையத்து இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும், மறந்தால் அபராதம். பெரிய நிலையங்களில் பையை மணிக்கணக்கில் காசு கொடுத்து வைத்துவிட்டுக் கைவீசி நடக்கலாம். மணிக்கு 300 கிலோமீட்டர் ஓடும் அதிவேக ரயில் மிலானிலிருந்து பொலோனியாவுக்கு ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். ஆனால் அது நடுவில் உள்ள சிறு நகரங்களைத் தாண்டி ஓடுகிறது. ஊர் பார்க்க வந்தவருக்கு உதவுவது நின்று நின்று போகிற வண்டிதான்.

இத்தாலியைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ரயில் வேலைநிறுத்தம் அங்கே அடிக்கடி வரும். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் அத்தியாவசிய வண்டிகளை ஓட்டியாக வேண்டும் என்ற ஏற்பாடு இருப்பதால் மக்கள் சமாளிக்கிறார்கள். பெரிய நிலையங்களில் ஜேப்படிக்காரர்கள் உண்டு. பொலோனியா நிலையத்தில் ஒரு கடிகாரம் 10.25 என்று நின்றபடியே இருக்கிறது. 1980 ஆகஸ்ட் 2 அன்று அங்கே வெடித்த குண்டில் இறந்த 85 பேரின் நினைவாக அதை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

இனி அதே பயணியைக் காரைக்காலில் வண்டி ஏற்றுவோம்.

முதலில் நாகூர். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக் கொடுத்த 131 அடி தர்கா மனோரா ஊருக்கு வெளியே வரும்போதே தெரியும். அடுத்து நாகப்பட்டினம். 1580களில் வெனிஸ் நகரத்து நகை வணிகர் காஸ்பரோ பால்பி இந்தக் கரைக்கு வந்து போனார். ஸ்ரீவிஜய மன்னர்கள் ராஜராஜன் காலத்தில் கட்டத் தொடங்கிய சூடாமணி விகாரத்தின் ஊர் இது. கடலோடிகளுக்கு அடையாளமாக அங்கே நின்ற பழைய கோபுரத்தை 1867இல்தான் இடித்தார்கள். தென்னிந்திய ரயில்வேயின் கதையிலும் நாகைக்கு முதல் வரிசை இடம் உண்டு. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கும் அடுத்த ஆண்டு திருச்சிக்கும் ரயில் விட்டது. இத்தாலி ஒரே நாடாக அறிவித்துக்கொண்டதும் அதே 1861இல்தான். நாகை ரயில்வே பட்டறையைப் பொன்மலைக்கு மாற்றி ஆட்குறைப்புச் செய்ய முனைந்தபோது வெடித்ததுதான் 1928 வேலைநிறுத்தம். தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் அதற்காகச் சிறை சென்றார்.

திருவாரூரில் கமலாலயமும் ஆழித்தேரும். சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த ஊரும் அதுவே. தஞ்சையில் 1010இல் முடிந்த பெரிய கோயில், சரஸ்வதி மகால் நூலகம். கும்பகோணத்தில் மகாமகக் குளம். அடுத்த மகாமகம் 2028இல். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த சிறு வீட்டை நினைவிடமாகப் பேணுகிறார்கள். ஊரை ஒட்டியே தாராசுரம். தஞ்சைப் பெரிய கோயிலைப் போல அதுவும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை அரை மணி. அங்கிருந்து காரைக்கால் திரும்பினால் ஒரு வட்டம் முடியும்.

இந்த ஊர்களில் பலவற்றில் நிலையத்திலிருந்து கோயிலுக்கோ குளத்துக்கோ நடந்தே போய்விடலாம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, தனியாக ஒருவர் மெஸ்ஸில் உட்கார்ந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்பதிவில்லாச் சீட்டின் விலை இத்தாலிய நிலையத்தில் ஒரு காபிக்குக்கூடக் காணாது.

ஆனால் கும்பகோணத்தில் இறங்கித் தாராசுரம் பார்த்துவிட்டு வந்தால் அடுத்த பாசஞ்சர் எப்போது என்று கேட்க வேண்டியிருக்கிறது. பகல் நேரத்தில் பல மணி நேரம் இடைவெளி விழுகிறது. எனவே அறிவுள்ள பயணி பேருந்து நிலையத்துக்கு நடக்கிறார். பேருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. டெல்டா மக்கள் ரயிலை மறந்ததற்குச் சோம்பல் காரணமில்லை.

இதற்கு வரலாறு இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு நேர்வழி, அதாவது கார்டு லைன், 1929இல் முழுமையானது. தென்மாவட்ட விரைவு வண்டிகள் படிப்படியாக அந்த வழிக்குப் போயின. சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சை வழியாகச் செல்லும் பழைய பாதைக்கு மெயின் லைன் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. பிறகு மீட்டர் கேஜை அகலப் பாதையாக்கும் வேலை. ஒவ்வொரு பகுதியாக ஆண்டுக்கணக்கில் மூடினார்கள். விழுப்புரம்–மயிலாடுதுறை 2010இல் திறந்தது, மயிலாடுதுறை–திருவாரூர் 2012இல், திருவாரூர்–காரைக்குடி 2019இல். அதற்குள் ஒரு தலைமுறை பேருந்துக்குப் பழகிவிட்டது. மூன்றாவது காரணம், விழுப்புரம் முதல் தஞ்சை வரை இன்னமும் ஒற்றைப் பாதை. எதிர்வண்டிக்காக ‘கிராசிங்’ போட்டு நிலையங்களில் காத்துக் கிடக்கும் பாதையில் மணிக்கொரு வண்டி விடுவது எளிதல்ல. மிலான்–வெனிஸ் பாதை முழுவதும் இரட்டைப் பாதை என்பதை மறந்துவிட்டு ஒப்பிட்டால் நம் ரயில்வே ஊழியர்களுக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

கிளைப் பாதைகளின் கதை இன்னும் சோகம். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் போட்ட பாதையை 1986இல் மூடினார்கள். 1620இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டி, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சான ஊருக்கு இன்று ரயில் இல்லை. பேரளம்–காரைக்கால் பாதையும் 1980களின் பிற்பகுதியில் மூடப்பட்டது. காரைக்காலுக்கு மறுபடி ரயில் வந்தது 2011 இறுதியில், நாகூர் வழியாக. அதனால் மயிலாடுதுறைக்கு ரயிலில் போக நினைத்தவர் நாகூர், நாகை, திருவாரூர் என்று சுமார் 80 கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருந்தது. பேரளம் வழியாகப் போனால் 40 கிலோமீட்டருக்குள் அடங்கும். அந்தப் பேரளம் பாதையை அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாக அகலப் பாதையாகப் புதிதாக இட்டு, 2025இல் சோதனை ஓட்டமும் நடத்தினார்கள்.

தண்டவாளம் வந்துவிட்டது என்று நாம் மகிழ்கிறோம். மகிழ வேண்டியதுதான். ஆனால் தண்டவாளம் மட்டும் ஒருவரை ஊரில் இறக்காது. நாளைக்கு ஒரு விரைவு வண்டி நள்ளிரவில் திருநள்ளாற்றைக் கடந்து போனால், அதனால் சனிக்கிழமை வரும் பக்தருக்கும் பயனில்லை, கும்பகோணத்துக்குக் கல்லூரி போகும் பெண்ணுக்கும் பயனில்லை, தனியே ஊர் பார்க்க வந்தவருக்கும் பயனில்லை.

தனியே வருகிறவர் பெண்ணாக இருந்தால் இன்னொரு தடையும் உண்டு. கூட யார் வருகிறார்கள் என்று கேட்டு அறை தர மறுக்கும் விடுதிகள் நம் கோயில் நகரங்களில் இன்னமும் இருக்கின்றன. காலையில் புறப்பட்டு இரவுக்குள் சொந்த ஊர் திரும்ப வண்டி இருந்தால் அந்தப் பெண் விடுதிக்காரரின் தயவை நம்ப வேண்டியதே இல்லை. பாதுவாவில் அறை எடுத்துக்கொண்டு வெனிஸையும் வெரோனாவையும் பகலில் பார்த்துத் திரும்புகிறவர்கள் செய்வது அதைத்தான். மயிலாடுதுறையோ கும்பகோணமோ நம் பாதுவாவாக இருக்க முழுத் தகுதி உடையவை.

இரட்டைப் பாதைக்குக் கோடிகளும் ஆண்டுகளும் வேண்டும். அதற்கு முன்பே முடிகிற காரியங்கள் சில உண்டு. காரைக்கால்–பேரளம்–மயிலாடுதுறை இடையே சிறிய ரயில் ஒன்றைக் காலையிலிருந்து இரவு வரை முன்னும் பின்னுமாக ஓட விடலாம். மெயின் லைன் வண்டிகளின் நேரத்தைப் பார்த்து அதன் நேரத்தைப் பொருத்தலாம். மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சை, திருவாரூர் நிலையங்களில் பை வைக்கும் அறை பகல் முழுவதும் திறந்திருக்கச் செய்யலாம். நிலைய வாசலில், இந்த ஊரில் நடந்தே பார்க்கக்கூடியவை எவை, திரும்ப அடுத்த வண்டி எப்போது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை வைக்கலாம்.

காரைக்காலின் ரயில் தேவைகளைப் பற்றித் திருச்சி ரயில்வே கோட்டத்துக்கு மனு எழுதும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. பெரும்பாலும் சென்னைக்கு இன்னொரு விரைவு வண்டி, பெங்களூருக்கு இன்னொரு விரைவு வண்டி என்றே கேட்கிறோம். அடுத்த மனுவில் முதல் கோரிக்கையை மாற்றி எழுதுங்கள்: மயிலாடுதுறையில் மெயின் லைன் வண்டி வருவதற்குக் கால் மணி நேரம் முன்னதாகக் காரைக்கால் வண்டி அங்கே வந்து நிற்க வேண்டும், நாளுக்கு ஒருமுறை அல்ல, பகலில் ஒவ்வொரு முறையும். வண்டி ஓடத் தொடங்கினால், சீட்டு வாங்கி அதில் ஏறுங்கள். காலியாக ஓடும் ரயிலை எந்தக் கோட்டமும் நெடுநாள் ஓட்டாது.